முழுப் பெயரும் போடுவார்கள்

உ

அம்மருட்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நிலூஜாவுக்கு அம்மா எழுதுவது,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே வடக்கில் துறம்சோக் குளிரில் நீயும் எம்மாவும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத இருந்தேன். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பாவுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காவிட்டாலும் என் குரல் நடுங்குவது உனக்குக் கேட்கும். சுகம் என்று எழுதினேனே தவிர, நான் சரியாகச் சாப்பிட்டுக் கொஞ்ச நாளாகிறது. விரதம் என்று அப்பாவுக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன், புதனிலும் விரதமோ என்று கேட்கிறார்.

பிழை என்னுடையதும்தான் பிள்ளை. நீ முதல்முதல் போன் எடுத்து உன் நடனம் அரச ரிவியில் வரப்போகிறது என்றதும் மிச்சம் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அன்று பின்னேரமே கோயிலில் பஜனைக்கு வந்த எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களின் பிள்ளையை நோர்வே ரிவியில் காட்டினால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள், நாலாம் மாடிச் சிறிதேவி அக்காவின் மகன் பனியில் சறுக்கி விழுந்ததைச் செய்தியில் காட்டியதற்கே அவ எங்களுக்கு வடை தந்தவ. இரண்டு நாள் கழித்து நீ எடுத்து, அம்மா அது நடனம் மட்டுமில்லை, எங்களைப் போல ஆக்களின்ரை கலையைப் பற்றின நிகழ்ச்சி, நானும் எம்மாவும் சேர்ந்து கதைக்கிறம் என்று சொன்னபோது இங்கே சிறிதேவி அக்கா என்ன பலகாரம் கொண்டுவருவது என்பது வரை முடிவெடுத்துவிட்டா. கனடாவிலை இருக்கிற என்ரை தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டன், அங்கை நெற்றிலை பாப்பினம், பிள்ளை என்ன நிறச் சீலை என்று அந்த அக்கா கேட்கிறா. அப்பா அதற்கு மேலே. தான் வேலை செய்கிற பஸ் கராச்சில் ஒருவர் மிச்சமில்லாமல் சொல்லிவிட்டு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய்ப் பெரிய ரிவி ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பழையதில் உன் கால் வேலை வடிவாய்த் தெரியாதாம். வரும் ஞாயிறு இல்லை அடுத்த ஞாயிறு எங்கள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அந்தப் பெரிய ரிவியில் நீ வருவாய், என்ன வரும் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அன்று வயிற்றுக்குத்து என்று படுத்துவிடலாமா, ரிவியின் வயரைப் பிடுங்கிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன், பிடுங்கினால் சிறிதேவி அக்கா தன் வீட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவா.

இந்த நிகழ்ச்சியின் முதற் பகுதி போன ஞாயிறு போனது. அப்பா பின்னேர வேலை, நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். எனக்கு நோர்வே பாசை படிப்பித்ததே அந்த ரிவிக்குக் கீழே ஓடுகிற எழுத்துத்தானே, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். கண்ணாடிப் பாத்திரம் ஊதிச் செய்கிற ஒரு வயதான மனிதர், அவரோடு கனகாலம் வாழ்கிற இன்னொரு ஆம்பிளை பக்கத்தில் நின்று அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார். நாடகம் எழுதுகிற ஒரு பெண் தன் தாய் தன்னோடு கதைப்பதில்லை என்று சொன்னா. ஒருவரையும் நக்கலடிக்கவில்லை, மரியாதையாய்த்தான் காட்டினார்கள். எனக்கு அருவருப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நவராத்திரிக்கு வந்தபோது குசினியில் வைத்து உன்னையும் எம்மாவையும் பற்றி நீ என்னிடம் சொன்னாய், தன்பாலீர்ப்பு என்ற சொல்லையும் நீதான் சொல்லித்தந்தாய், அதுவரை நான் தமிழில் கேட்டதெல்லாம் ஏச்சுத்தான். அந்த ஏச்செல்லாம் இனி உன் பெயரோடு சேர்ந்து வருமே. ஆட்களின் வாய் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஆனி மாதம் நகருக்குள் உங்களைப் போல ஆட்கள் கூடுகிற இடத்தில் சுட்டுக் கொன்றார்களே, வானவில் ஊர்வலத்தையும் நிறுத்தினார்களே, அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. உன் முகத்தை நாடு முழுவதும் பார்த்த பிறகு நீ இருட்டில் பஸ்ஸுக்குத் தனியே நிற்பதை நினைத்துப் பார்.

ஆளைக் காட்டும்போது கீழே வெள்ளை எழுத்தில் முழுப் பெயரும் போடுகிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது, உன் பெயருக்குப் பின்னால் வரப்போவது அப்பாவின் பெயர். நிலூஜா அருட்பிரகாசம். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற மனிதனின் பெயர். அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவர்களுக்குச் சொல்லி நிலூஜா என்று மட்டும் போடச் சொல்லு.

இந்த இடத்தில் எழுந்து போக வேண்டி வந்தது. அப்பா புதுரிவியைச் சுவரில் பூட்டிக்கொண்டு நின்றவர் பிடிக்கக் கூப்பிட்டார். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் ஆணி முறுக்கிக்கொண்டே, பேர் போடுவினமெல்லே, பிள்ளைக்குச் சொல்லு, முழுப்பேரையும் ஒழுங்கா எழுதிக் குடுக்கச் சொல்லி, இவங்கள் நீளமெண்டு பாதியிலை வெட்டிப்போடுவாங்கள், வெட்டினா நான் போன் எடுத்துக் கேப்பன் என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து இருக்கிறேன். மேலே எழுதியதை வெட்டவில்லை, நான் எப்படிப் பயந்தேன் என்று நீ அறிய வேண்டும். ஆனால் அதைச் செய்யாதே. அவர் தன் பெயரை அங்கே வைக்கச் சொல்லும்போது அவருக்குத் தெரியாமல் அதை எடுக்க என்னால் முடியாது. அத்தனை பேருக்கு முன்னால் அவர் முதல்முதல் அறியவும் நான் விடமாட்டேன்.

செவ்வாய் அவருக்கு ஓய்வு நாள். காலைப் பூசை முடிந்ததும் நான்தான் அவருக்குச் சொல்வேன், உன்னைச் சொல்லவிட மாட்டேன். கத்துவாரோ, எழும்பிப் போய்விடுவாரோ, எனக்குத் தெரியாது. கத்தினாலும் பரவாயில்லை, கதைக்காமல் விடுவாரோ என்றுதான் பயம். பெயரைப் பற்றி அதன்பிறகு அவர் என்ன சொல்கிறாரோ அதை ஒளிக்காமல் உனக்குச் சொல்வேன்.

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படு. விற்றமின் குளிசையை மறக்காதே, அங்கே இப்போது வெயில் இல்லை. ஆடும்போது முழங்காலுக்குத் துணி சுற்று. எந்தப் பெரிய ரிவியில் வந்தாலும் நீ என் வயிற்றில் பிறந்த பிள்ளை, முருகன் உன்னையும் எம்மாவையும் ஒரு குறையும் வராமல் காக்க வேண்டும். இதை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன், செவ்வாய் மத்தியானம் நான் போன் எடுப்பேன். எடுக்கும்போது நீ தனியே இராதே, எம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
இராஜேஸ்வரி அருட்பிரகாசம்