கையில் கொண்டுவர வேண்டிய ஸ்டார்ட்டர்

ஐயம்பேட்டை,
ஆனி 15, திங்கட்கிழமை.

தம்பி வரதராஜனுக்கு அக்கா பெரியநாயகி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். இங்கே நானும் உன் மாமாவும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நலமாக இல்லை. நீ பெங்களூரில் நலமாகத்தான் இருக்கிறாய் என்பதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் தினமும் பார்க்கிறேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் நீ அனுப்பிய ஸ்டார்ட்டரை அதே பெட்டியில் போட்டு, மேலே இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி.

நான் உன்னிடம் என்ன கேட்டேன்? மாமாவின் படகு இஞ்சினுக்கு, பேட்டரியில் ஓடுகிற ஒரு ஸ்டார்ட்டர். நீயும் அவரும் அவருடைய பம்புசெட் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறு மாதம் இழைத்து இழைத்துச் செய்தீர்களே, அதே மூன்றடிச் சிவப்பு ரிமோட் படகுதான். ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, இஞ்சின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க அவரால் ஆகவில்லை. நான் இழுத்தேன். பத்துத் தடவை இழுத்தால் ஒரு தடவை கிளம்பும். கிளம்பினால் போதும், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையாலேயே ஏரி முழுக்க ஓட்டுவார். வீட்டில் வாயே திறக்காத மனுஷன், அங்கே போனால் 'மதகுப் பக்கம் முள்ளு இருக்குது, பார்த்துக்கினு இரு' என்று என்னை அதட்டுவார். அந்த அதட்டலைக் கேட்கத்தான் ஞாயிறுதோறும் படகு, எண்ணெய் டப்பா, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவர் என்று எல்லாவற்றையும் கலியன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். என் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனதால்தான் உன்னைக் கேட்டேன்.

சக்கரத்தைப் படம் எடுத்து, அளவும் எழுதி அனுப்பினேன். தனியாகப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி மாட்டுகிறதுதான் இந்த இஞ்சினைத் திருப்பும் என்று மாமா சொன்னதையும் எழுதினேன். பேட்டரிகூட வேண்டாம், இங்கே டூவீலர் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நீ அனுப்பியது, கைப்பிடிக்குள்ளேயே பேட்டரி இருக்கிற சின்னது. பொம்மைக் காருக்குப் போதும். இதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. பட்டனை அழுத்தினால் அரைச் சுற்று சுற்றும், முனகும், நின்றுவிடும். கைக்கு லேசாக இருக்கும் அக்கா, லேடீஸுக்கு அதுதான் நல்லது என்று மெசேஜ் வேறு. லேடீஸாம்! எட்டு மாதமாக எழுபது கிலோ ஆளைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கிறது எந்த லேடீஸ் என்று நினைத்தாய்?

முதல் ஞாயிறே அதன் ரப்பர் பெல்ட் அறுந்தது. ஸ்டார்ட்டரையும் இஞ்சின் சக்கரத்தையும் சேர்க்கிற வளையம் அது. அதற்குப் பிறகு நடந்தது என் தப்பு, மறைக்கவில்லை. தறியில் தீர்ந்துபோன பாவு நூலின் நுனியில் புதுப் பாவின் இழையை முறுக்கிப் பிணைக்கிறது என் பிழைப்பு. முப்பது வருஷத்தில் நான் பிணைத்த இழை எந்தத் தறியிலும் விட்டதில்லை. நம் தெருவில் எது அறுந்தாலும் பட்டு நூலைத்தானே தேடுவோம்? செருப்பு வாருக்கும் அதுதான், மூக்குக்கண்ணாடிக்கும் அதுதான். மிச்சப் பாவு நூலை எட்டுப் புரி சேர்த்து முறுக்கி, பிணைப்பு எங்கே என்றே தெரியாமல் ஒரு வளையம் செய்தேன். வழுக்கக் கூடாதென்று கஞ்சியும் போட்டேன். இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

நேற்று ஏரிக்கரையில் பட்டனை அழுத்தினேன். அரைச் சுற்று போனது. அதற்குமேல் தள்ள உன் சோளப்பொரிக்குத் தெம்பில்லை. இஞ்சின் ஒரு உதை உதைத்துப் பின்பக்கமாகத் திரும்பியது. ரப்பராக இருந்தால் வழுக்கியிருக்கும். பட்டு வழுக்கவும் இல்லை, அறவும் இல்லை; படகைப் பிடித்திருந்த என் இடது கை ஆட்காட்டி விரலைச் சேர்த்து இழுத்துக்கொண்டது. நான்கு தையல், எலும்பில் விரிசல். இழை முறுக்குகிற விரல். ஆறு வாரத்துக்குப் பாவு பக்கமே போகக் கூடாதாம்.

விரல் கிடக்கட்டும். ரத்தத்தைப் பார்த்து மாமா நாற்காலியிலிருந்து எழப்போய்க் கரையில் விழுந்தார். எழ முடியாமல் மண்ணில் கிடந்தபடியே, கையை எடு, கையை எடு என்று கத்தினார். கலியன் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் 'என்னாலதான் உன் கை போச்சுமா. அந்தப் படகப் பரண் மேல போட்டுடு' என்றார். அப்போதிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். காலையில் வைத்த காபி அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது. எட்டு மாதத்தில் அந்த மனுஷனுக்கென்று இருந்தது இந்த ஏரி ஒன்றுதான். அதுவும் போய்விட்டது.

பெட்டிக்குள் இருந்த பில்லில் நம்பர் பார்த்து, கடைக்காரர் டேனியலைத் திட்டலாம் என்று இன்று போன் போட்டேன். பாவம், அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பெல்ட் வழுக்கத்தானம்மா வேண்டும், அதற்குத்தான் ரப்பர் என்றார். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார். கேட்டு வயிறு எரிந்தது. முதல் தடவை போனபோதே சரியானதைத்தான் கையில் எடுத்தாயாம். கொரியரில் போடுவீர்களா என்று கேட்டாயாம். அது கனம், பார்சலில் அடிபடும், போடுவதில்லை, நீங்களே கொண்டுபோய்விடுங்கள் சார் என்று அவர் சொன்னதும் கீழே வைத்துவிட்டாயாம். அடுத்த வாரம் வந்து, கொரியரில் போகிறது எது என்று கேட்டு இதை வாங்கினாயாம்.

இஞ்சினுக்கு எது பொருந்தும் என்று நீ பார்க்கவே இல்லையடா. இங்கே வராமல் தப்பிக்க எது உதவும் என்று பார்த்து வாங்கியிருக்கிறாய். பஸ்ஸில் ஐந்தே மணி நேரம்! வரதர் கோயில் கருட சேவைக்கு வருஷம் தவறாமல் வருகிறவன், பெருமாள் பேரையே வைத்திருக்கிறவன், இந்த வைகாசியில் வரவில்லை. ஓடியாடின மனுஷனை அப்படிப் பார்க்க மனசு தாங்காது அக்கா என்று தை மாதம் ஒருமுறை போனில் அழுதாய். எனக்கு மட்டும் மனசை இரும்பிலா அடித்து வைத்திருக்கிறது? நான் எந்தக் கொரியரில் தப்பிக்கிறது?

சரியான ஸ்டார்ட்டரை டேனியலிடம் உன் பேர் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். ரப்பர் பெல்ட் இரண்டு சேர்த்து வாங்கு. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறு. ஏரியில் மதகுப் பக்கம் மட்டும்தான் தண்ணீர் நிற்கிறது, ஆடி பிறந்தால் அதுவும் இருக்காது. என் கையில் கட்டு. பெல்ட்டை மாட்டிப் பட்டனை அழுத்த ஆள் வேண்டும். அவரைக் கிளப்புவது என் பாடு.

மாமா உன்னைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பயப்படாதே, வந்தாலும் கேட்க மாட்டார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குக் கிளம்பும்போதெல்லாம் இரண்டு நாற்காலி எடுக்கச் சொல்வார். ஆட்டோவில் இடமில்லை என்று கலியன் முணுமுணுத்தாலும் விட மாட்டார். நான் இஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவள், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தனக்குப் பக்கத்தில் போடச் சொல்வார். காலியாகவே இருக்கும். யாருக்கு என்று நானும் கேட்டதில்லை.

வரதர் உன்னை நன்றாக வைக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அதில் உட்கார்.

கோபம் தீராத உன் அக்கா,
பெரியநாயகி