வேர்க்கடலைக்கு வைத்த கை

ஜூன் 16, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். டயாலிசிஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நைனாவுக்கு மறுபடி குளிர்க்காய்ச்சல். போன முறையும் இப்படித்தான். ரத்தத்தில் ஏதோ மண்ணுக் கிருமி என்று வந்ததற்கு, அது யாரையும் ஒன்றும் செய்யாது, ரத்தம் எடுக்கும்போது ஒட்டியிருக்கும் என்று சின்ன டாக்டர் அனுப்பிவிட்டார். "பர்வாலேது அம்மா." பரவாயில்லையாம். நடுங்குவது அவரா?

போர்வை, பிரெட், சார்ஜர். கம்பெனிக்கு லீவு சொல்லணும்.

17, புதன்

திருப்பதி ஆஸ்பத்திரி. ஃபேன் ஓடவில்லை. இந்த ரத்தத்திலும் அதே கிருமி. இப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். நல்ல உடம்பை அது தொடாதாம். நைனா மாதிரி நெஞ்சில் டயாலிசிஸ் குழாய் வைத்திருந்தால் அதற்குள் குடியேறிவிடுமாம். குழாயை எடுத்தே ஆகணும். அப்பா வயல் வேலை செய்கிறாரா என்று கேட்டார். நிலத்தை மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டாச்சு என்றேன். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் நைனா வாயிலிருந்து உண்மை வந்தது. நான் ஷிப்டில் இருந்தபோது மாமா விதை வேர்க்கடலையோடு வந்திருக்கிறார். வெல்லத் தண்ணீரில் அதே மண்ணுக் கிருமி உள்ள உரப்பொடி கலந்து விதையைப் பிசையணும். வேருக்கு நல்லது, மனுஷனுக்குத் தீங்கில்லை என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். எங்கள் ஊரில் முதல் கை நைனாவுடையது. ராசியான கை. பிசைந்துவிட்டு, வேட்டியில் துடைத்து, அதே கையால் குழாய் பிளாஸ்டருக்கு அடியில் சொறிந்திருக்கிறார்.

கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

19, வெள்ளி

குழாய் எடுத்தாச்சு. காய்ச்சல் இறங்குகிறது. இப்போதைக்குக் கழுத்தில் வேறு குழாய். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். எல்லாம் என்னிடம் மட்டும்தான். குவைத்திலிருந்து அண்ணன் போன்: மெட்ராஸுக்கு மாத்து. நீ வந்து மாத்து என்று வைத்துவிட்டேன்.

21, ஞாயிறு

தூறல். மாமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கழனி பூரா முளைச்சிக்கினு வருதாம். மேட்டுக் கழனிக்கு விதை பிசைவது இன்னும் பாக்கியாம். வெளியே போகச் சொன்னேன்.

நைனா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு கொடம் தண்ணி தூக்க உடமாட்டேன்றீங்க. எதுக்கும் என்னக் கேக்கறதில்ல. இந்தக் கை வேணும்னு கேக்கறவன் அவன் ஒருத்தன்தாம்மா."

கோபம் போகவில்லை. கீழே மருந்துக் கடையில் நைனாவுக்கு முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை வாங்கினேன். உறை போட்டால் ராசி வராதே என்றார் வாசலில் நின்ற மாமா.

"அப்ப மொளைக்க வேணாம் மாமா" என்றேன்.