முன் கதவுச் சத்தம்

ஆண்டர்சன்பேட்டை,
கே.ஜி.எஃப்.

அன்புள்ள ஷில்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி ஹேமந்த், நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். காற்று ஆரம்பித்துவிட்டது, பழைய சுரங்க மண்மேட்டுத் தூசி தினமும் வீடு முழுக்க வெள்ளையாகப் படிகிறது. சகுந்தலா அத்தை ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ கேட்டுப் பல நாளாகிறது, நான்தான் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போனில் பேசினால் ஹேமந்த் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறான், அவனுக்குப் பேச வராதே தவிர தன்னைப் பற்றிய பேச்சு என்றால் தெரிகிறது.

போன மாதம் அத்தை வந்தபோது அவன் தள்ளிவிட்டான், வாசற்படியில் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார். பதினாறு வயசு, அப்பா உயரம் வந்துவிட்டான், யார் தாங்குவார்கள். அப்பா அன்றைக்கே அவனைப் பெங்களூர் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஒரு ஹோமில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார், நானும் சரி என்று தலையாட்டினேன். காரணமே இல்லாமல் அடிக்கிறான் என்று எல்லாரிடமும் சொன்னதும் நான்தான்.

இதை எழுதக் கை கூசுகிறது ஷில்பா. அவன் ஸ்கூல் மமதா மிஸ் வீட்டுக்கு வந்து, அடிக்கறதுக்கு முன்னாடி நீங்க இன்னா பண்றீங்க மேடம் என்று கேட்டார். நான் ஒன்றுமே பண்ணுவதில்லை என்றேன். அப்போது பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்கா பின்பக்கமாகக் காபிப்பொடி வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். இன்னா சுமா, நான் தெனமும் பின்கதவாலதான் வர்றேன், என்னை ஒரு நாளாவது தொட்டிருக்கானா, முன்கதவு சத்தம் கேட்டாத்தான நீ அவன் கையைப் புடிச்சி தரதரன்னு உள்ள இஸ்துகினு போற, எங்க வூட்டுக்காரரை அப்டி இஸ்துப் பாரு, அவரும் அடிப்பாரு என்றார். மிஸ் சிரிக்கவில்லை, பின் அறையைப் பார்த்தார். அவர் வந்தபோதும் அவனை அங்கே தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்திருந்தேன். அத்தை வந்த அன்றும் அவன் உதறியது என் கையைத்தான், அத்தை நடுவில் வந்துவிட்டார். வருகிறவர்கள் இவன் கையைத் தட்டிக் கத்துவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று இத்தனை வருஷம் ஒளித்து வைத்தேன், வேறென்ன சொல்ல.

மறுநாள் கூரியர்காரர் கதவைத் தட்டினார். இனி இழுக்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஹேமந்த் தானாகவே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கூப்பிட்டும் வரவில்லை.

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து ரயிலில் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சரி, ஹோம் இப்ப வேணாம், தீபாவளி வரைக்கும் பாக்கலாம் என்றார். நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்ல வேண்டும்.

நீ அலைச்சலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, உன் சிநேகிதி ஷோபாவை ஊருக்கு அழைத்துவரட்டுமா என்று கேட்டாயே, தண்ணீர்க் கஷ்டம் என்று பொய் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். தீபாவளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் வாசலிலிருந்தே தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடு, அவன் வெளியே வருகிற வரைக்கும் இரண்டு பேரும் நில்லுங்கள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சுமா