ஐந்தாம் லயத்து டப்பிகள்

பெப்ரவரி 11, திங்கள்

வெயில் வரும்வரை பனி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடை. செருப்பு நனைந்துவிட்டது. வாங்க வேண்டியவை: மை, சோப்பு, இருமலுக்கு மிளகு.

கொக்கிப்புழு மருந்து முகாம். எங்கள் மாதர் சங்கத்தின் தர்மம். பணம் மட்டும் தோட்டத்துக் கம்பெனியுடையது. ஆட்களின் வயிறு சுத்தமானால் கொழுந்து கூடும். இது தர்மமா, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குச் சாணை பிடிப்பதா? கல்லூரி நாளிலிருந்தே எனக்கு இந்தக் குணம். இனாம் என்றால் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவேன்.

என் வேலை: புழு உள்ளவர்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது. ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு. துரைக்கு எதற்கு? கேட்கவில்லை.

கம்பவுண்டர் அருளப்பன் (இனி அ.) ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் ஆளுக்கொரு தகர டப்பி கொடுத்தார். மேலே பெயர் ஒட்டியது. நாளைக் காலை மலம் வேண்டும். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரே சிரிப்பு.

"இதையும் தராசுல போட்டு நிறுப்பீங்களா ஐயா?"

"நிறுத்தா ஒனக்குத்தான் மொதப் பரிசு, போ."

பெப்ரவரி 13, புதன்

அ. இரண்டு நாளாக மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தபடியே. பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை படிந்து கிடந்தது. மற்ற லயங்களில் பாதிப் பேருக்குப் புழு. ஐந்தாம் லயத்தில் எட்டு டப்பி, எட்டும் சுத்தம்.

பகல், தண்ணீர் பிடிக்கும் பீலியடி. பாப்பாத்தி, ஐந்தாம் லயம், பதினாறு வயது. குடத்தோடு நாலு படி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அ. அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைத்தாள் மாதிரி.

"இவளுக்குப் புழு இல்லைன்னா நான் மைக்ராஸ்கோப்பை ஆத்துலதான் போடணும், டீச்சரம்மா."

பின்னே மருந்தைக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"இது விஷ மருந்து. கண்ணால பாக்காம குடுக்க மாட்டேன்."

கம்பெனிக்காக மருந்து தள்ளுகிற ஆள் என்று இவரை முதல் நாள் நினைத்தேன். எழுதவே வெட்கம்.

பெப்ரவரி 14, வியாழன்

இருமல் தேவலை. பாப்பாத்தியின் தாய் ராக்கம்மாவிடம் அ. கோபமில்லாமல் கேட்டார். அவள் மறைக்கவில்லை.

"எட்டும் ஒரே ஆளோடதுதாங்க. மேக்காம்பரா வீட்டு மருமக, போன வாரந்தான் ஹட்டன் டவுன்ல இருந்து வந்துச்சு. செருப்புப் போட்டு வளந்த புள்ள, மொகம் செவசெவன்னு இருக்கு. அதுக்குப் புழு இருக்காதுன்னு பாத்தேன். பாவம், முடிஞ்ச மட்டும் குடுத்துச்சு."

அ. சிரித்துவிட்டார். மைக்ராஸ்கோப் இல்லாமலே சரியாகக் கண்டிருக்கிறாள்! ஆனால் ஏன்?

"தேயிலை வெல விழுந்த வருசமும் இப்படித்தான் வந்தாங்க. கண்ணப் பாத்தாங்க, நாக்கப் பாத்தாங்க, பேரு எழுதுனாங்க. எழுதுன பேரெல்லாம் வேல போயி இந்தியாவுக்குக் கப்பலேறிருச்சு. எந்தங்கச்சியும் போனா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எழுதுற லிஸ்டு எங்க போகுதுங்க?"

பொய் வரவில்லை. "துரைக்கும் ஒன்னு" என்றேன்.

அ. கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அது தெரியாது. "நான் தொரைகிட்ட பேசுறேன்" என்றார்.

"பேசுங்க. ஆனா பேச்சு காத்துல போயிரும். எழுத்துதான் நிக்கும்."

பாப்பாத்தி சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா வெகுநேரம் மகளையே பார்த்தாள்.

"எழுதுறதுன்னா எல்லாரு பேரையும் எழுதுங்க. நோய் இருக்கா இல்லையான்னு போடாதீங்க. மேல இருந்து ஆரம்பிங்க. கணக்கப்பிள்ள, பெரிய கங்காணி, கம்பவுண்டரு ஐயா. மொதல்ல நீங்க. அப்ப தொர யாரக் கப்பலேத்துவாரு?"

பதினைந்து வருடம் கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

பெப்ரவரி 16, சனி

பெரிய கங்காணி முதலில் முறைத்தார். பட்டியலில் அவர் பெயர் கணக்கப்பிள்ளைக்கு மேலே வரும் என்று அ. சொன்னதும் டப்பி கேட்டு வாங்கினார்.

மருந்துக்கூட வாசலில், ஐந்தாம் லயத்துடையதையும் சேர்த்து, புது டப்பிகளை வாங்கி வைத்தது ராக்கம்மா. என்னுடையதைக் கையில் பிடித்து, "டீச்சரம்மா, இது ஒங்களோடதுதானே?"

லயமே சிரித்தது. நானும்.

மாலை முடிவு. பாப்பாத்திக்கு ஏராளம். எனக்கும் உண்டு! பள்ளித் தோட்டத்தில் வெறுங்காலோடு கொத்துகிறேனே. பட்டியலின் இரண்டு பிரதியும் எல்லார் பெயரோடும் போய்விட்டன. சங்கத்தில் கேள்வி வரும். வரட்டும்.

கம்பெனியின் மனதில் என்ன என்று இன்றும் எனக்குத் தெரியாது. அ. மனதில் என்ன என்று தெரியும்.

பெப்ரவரி 18, திங்கள்

மூடுபனி. வெறும் வயிறு. ஒரே பெஞ்சில் நான், பாப்பாத்தி. அ. இரண்டு கிளாஸிலும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தார்.

"மொதல்ல டீச்சரம்மா" என்றாள் ராக்கம்மா.

குடித்தேன். நாற்றம் தாங்கவில்லை. முகத்தைச் சுளிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். ராக்கம்மா என் தொண்டையையே பார்த்தாள், விழுங்கிவிட்டேனா என்று. பிறகு மற்ற கிளாஸைத் தானே எடுத்து மகள் வாயில் வைத்தாள்.