இத்தா முடிய ஒன்பது நாள்

பள்ளத்தூர்
12-8-1968

அன்பு அத்தாவுக்கு, ஸலாம்.

அம்மா தூங்கியபின் எழுதுகிறேன். தெரிந்தால் அடிப்பார்கள்.

நீங்கள் கோபத்தில் ஒரு தலாக் சொல்லிவிட்டுக் காரைக்குடிக்குப் போனதிலிருந்து, அம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அழுகிறார்கள். "யா அல்லா, எதுத்துப் பேசின என்னைய மன்னிச்சிரு. அவுகளையும் மன்னிச்சிரு. மீன்ல முள்ளெடுக்கக்கூடத் தெரியாத மனுசன்" என்கிறார்கள்.

தலாக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தாவின் மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான். அதற்குள் நீங்கள் அம்மாவை மீட்டுக்கொண்டால் நிக்காஹ் அப்படியே நிலைக்கும் என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று மீன் சமைத்தோம். அம்மா வழக்கம்போல் முள்ளெடுத்து ஒரு தட்டில் வைத்தார்கள். வெகுநேரம் கழித்து அதை என் பக்கம் நகர்த்தினார்கள்.

எனக்கு முள்ளெடுக்கத் தெரியும், அத்தா. நீங்கள் வாருங்கள்.

உங்கள் மகள்