சூளைக்குட்டையில் கொட்டிய சோளம்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மச்சினன் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். பட்டறையில் பெரிய லேத்துக்குப் புது பெல்ட் மாட்டியிருக்கிறேன், அந்தப் பழைய கீச்சுச் சத்தம் இப்போது இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதான் எழுதுவீர்கள். அதையெல்லாம் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இன்னும் ஆறு ஊசிதான் பாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டுவிட்டால் மழை முடிந்து குட்டை நிறைந்திருக்கும், வந்து அந்தப் பெரிய கெண்டை மொட்டையை ஒரு கை பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே காகிதத்தில் மடித்து, தூண்டில் முள்ளில் நூலால் கட்டிய ஒரு புதுப் பொய்ப்பூச்சி. அக்காவின் பழுப்பு ஸ்வெட்டரிலிருந்து நூல் உருவி, அந்த நடுங்குகிற கையோடு, மிதக்கிற ரொட்டித் துண்டு மாதிரியே கட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குட்டையில் மீன் இல்லை மச்சான். மொட்டையும் இல்லை. ஒரு குஞ்சுகூட இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போன இரண்டாவது மாதமே எல்லாக் கெண்டையும் செத்துவிட்டன. அதற்குப் பிறகு நான் எழுதிய நாலு கடிதத்திலும் வந்த மீன்கள் நான் அளந்த கதை. முழுசாகப் படியுங்கள், பிறகு திட்டுங்கள்.

போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? குட்டைக் கரையில் பழைய செங்கல் சூளையின் உடைந்த சுவரோரம் உங்கள் இடத்தில் தினமும் ஒரு டப்பா வேகவைத்த சோளம் போட்டு வையுங்கள், கெண்டைக்கு அந்த இடம் மறக்கக் கூடாது என்றீர்கள். ஒரு டப்பாவுக்கு மேல் போட்டால் வயிறு நிறைந்து தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்றும் சொன்னீர்கள். நானும் கம்பவுண்டரும் வாய் ஓயாத நம்ம டெய்லர் ரேடியோவும் முறை வைத்துக்கொண்டோம்.

முறையெல்லாம் பேச்சோடு சரி. என் முறை வராத நாளிலும் பட்டறை திறக்கும் முன்னால் நான் போய்ப் போட்டேன். டப்பா இல்லை, வாளி. கம்பவுண்டர் மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு வந்து அவர் பங்குக்கு ஒரு வாளி. ரேடியோ சாயங்காலம், மிஷினை மூடிவிட்டு. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. நீங்கள் திரும்பி வரும்போது குட்டை மொத்தமும் உங்கள் காலடியில் வந்து நிற்க வேண்டும், அதைச் செய்தது நான்தான் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கும் இதே ஆசை.

அந்த மாதம் பட்டறைத் தகரத்தில் கை வைக்க முடியாத வெயில். தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. தின்னாத சோளம் அடியில் அழுகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் போனால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எனக்கு ஒரே சந்தோஷம் மச்சான். தீனி கேட்டு நிற்கின்றன என்று நினைத்து, கொண்டுபோன வாளியையும் அவற்றின் தலைமேல் கொட்டிவிட்டு வந்தேன். மதியத்துக்குள் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன.

மீன்வளத்துறை ஆள் ஒருவர் வந்து கம்பை விட்டுக் கிளறினார். கறுப்புச் சேறும் ஊதிப்போன சோளமுமாக வந்தது. "யாருய்யா இவ்வளவு கொட்டினது? மூச்சு முட்டில்ல செத்திருக்கு" என்று கேட்டார். கம்பவுண்டர்தான் முதலில் "நான்தாங்க" என்றார். நானும்தான் என்றேன். ரேடியோ வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அறுபத்து மூன்று மீன். சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தோம். மொட்டையைத் தூக்கியது நான். உடம்பெல்லாம் வழவழவென்று, முதுகில் மட்டும் அந்த நாலு செதில். பிடித்ததும் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுவதுதானே நம் பழக்கம், இவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அன்றோடு நம் கூட்டமும் கலைந்துவிட்டது. கம்பவுண்டர் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போகிறார். ரேடியோ நான் தைக்கக் கொடுத்த சட்டையை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புகிறார். யார்மேல் யாருக்குக் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சோளம்தான் ஞாபகம் வருகிறது.

பொய்ப்பூச்சியை வீசிப் பிடிக்கிற அந்த ஃப்ளை ராடை நீங்கள் முதன்முதலில் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். மாவு உருண்டையைப் போட்டுவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து, இரையில் கனமில்லை, நூலில்தான் கனம், பின்னால் நூல் முழுசாக நீளட்டும், அவசரப்படாதீர்கள் என்று பாடம் நடத்தினீர்கள். நடத்திக்கொண்டிருக்கும்போதே முள் கம்பவுண்டரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு நடுக்குட்டையில் போய் விழுந்தது. சாட்டையை எடுத்து வந்தவர் வண்டியையும் மாட்டையும் எங்கே விட்டீர்கள் என்று நான் கேட்டேன். பத்தாவது வீச்சோ என்னவோ, ஒரு கெண்டை வாயைக் குவித்துப் பூச்சியை மெதுவாக உறிஞ்சியது. நாலு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். நான் வலையோடு ஓடிச் சேற்றில் குப்புற விழுந்தேன், மீன் போயே போய்விட்டது. நழுவவிட்டவன்தான் டீ ஊற்ற வேண்டும் என்பது நம் சட்டம். விழுந்தது நான், ஆனால் ராட் உங்கள் கையில், யார் ஊற்றுவது என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் நீங்கள்தான் ஊற்றினீர்கள், சிரித்துச் சிரித்துப் பாதி டீ மண்ணுக்குப் போயிற்று. அவ்வளவு சிரிப்பு அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

பொய் ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். முதல் ஊசிக்குப் பிறகு உங்களுக்கு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை என்று அக்கா போனில் அழுதாள். அன்றைக்குத்தான் மொட்டை உங்கள் இடத்தில் மேலே வந்து புரண்டதாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டீர்களாம். அப்புறம் நான் என்ன செய்வேன்? அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். பிறகு "இன்னும் ஒரு மீன் எழுதுடா" என்றாள். எழுதினேன். பொய்யையாவது ஒழுங்காக எழுத வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் ராடை எடுத்துக்கொண்டு போய் வெறும் தண்ணீரில் வீசிவிட்டு வந்துதான் எழுதினேன். இப்போது எனக்கு நூல் நேராகப் போய் விழுகிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா உங்களை வார்டில் விட்டுவிட்டு டாக்டரைத் தனியாகப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் செய்து, அவர் சொன்னதைச் சொன்னாள். அதை உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீற மாட்டேன். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இந்தக் கடிதத்தில் இல்லை. மீனைப் பற்றி நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை, அதனால்தான் அதை எழுதிவிட்டேன்.

மொட்டைக்காக அந்த ஆறு ஊசியை நீங்கள் தாங்க வேண்டாம் மச்சான். மழை வரட்டும், தண்ணீர் ஏறட்டும் என்று நாள் பார்க்கவும் வேண்டாம். இந்த வாரமே வந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவருகிறேன். கம்பவுண்டர் காலிலும் ரேடியோ காலிலும் விழுந்தாவது இரண்டு பேரையும் சுவரோரம் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன். உங்கள் கையால் முடியாவிட்டால் ராடை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டுங்கள். ஒன்றும் கடிக்காது. அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் ஊருக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். பாக்கி ஊசியைப் போடாமல் போவதா என்று சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைப்பீர்கள். வர மாட்டாள். எழுந்து போய் உங்கள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பிப்பாள். ஏன் என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதீர்கள் மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
மச்சினன்