நீ முந்தும் இடம்

என் செல்லோக்காரிக்கு,

இங்கே எல்லாம் சௌகரியம். ஓட்டல் அறையில் ஜன்னல்தான் சரியாக மூட மாட்டேன் என்கிறது.

நேற்று உங்கள் கச்சேரியை ரேடியோவில் கேட்டேன். எனக்குப் பதிலாக நம் இசைக்குழுவுக்கு வந்திருக்கும் நடத்துனர் நன்றாகத்தான் நடத்துகிறார். பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். அந்த மெதுவான பகுதியில் உன் செல்லோ தனியாகத் தொடங்கும் இடத்தில், "என் கை இறங்கட்டும்மா, அப்புறம் வாசி" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன். "உங்க கைக்குக் காத்திருந்தா பாட்டு ஆறிப்போயிடும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுபடியும் முந்திக்கொள்வாய்.

நேற்று அவர் கைக்குக் காத்திருந்தாய். ரேடியோவிலேயே தெரிந்தது.

இன்று இந்த ஊர் இசைக்குழுவோடு ஒத்திகை; அதே பாட்டு, அதே இடம் வந்தது. இங்கே செல்லோ வாசிப்பவர் மரியாதையாக என் கையைப் பார்த்துக் காத்திருந்தார். என் கை, பழக்கதோஷம், நீ முந்துவாய் என்று அந்தரத்தில் காத்திருந்தது. குழு மொத்தமும் கப்சிப்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றார்.

அங்கே வந்திருக்கும் நடத்துனருக்கு வேண்டுமானால் காத்திரு. எனக்கு மட்டும் காத்திருந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்